ஞாயிறு சமைத்து வியாழன் உண்போம்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த குடும்பம் முதலில் இழப்பது கூட்டு அடுக்களையையே ஆகும். ஊரில் இருந்தபோது ஒருவர் அரிசி களைவார். ஒருவர் காய் நறுக்குவார். அண்டை வீட்டு அத்தை ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்புவார். பத்துப் பேருக்குச் சமைக்கும் சுமையை நான்கு பேர் பகிர்ந்துகொள்வர். இங்கே திருவனந்தபுரத்தில் நம்மிற் பலர் கணவன், மனைவி, இரு குழந்தைகள் என்று வாழ்கிறோம். சமைக்க வேண்டியது நால்வருக்குத்தான். ஆயினும் சுமக்கும் தோள் பெரும்பாலும் ஒன்றே.

கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கு உற்றார் துணை ஓரளவு உண்டு. கழக்கூட்டத்தைச் சுற்றி அடுக்குமாடி வீடுகளில் அண்மையில் குடியேறியவர்களுக்கு அதுவும் இல்லை. 1990ஆம் ஆண்டில் தோன்றிய டெக்னோபார்க்கிலும், தும்பாவின் விண்வெளி நிலையத்திலும், மருத்துவமனைகளிலும், அலுவலகங்களிலும் கணவன் மனைவி இருவரும் பணிபுரியும் இல்லங்கள் பெருகிவிட்டன. மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாய்க்கு அதற்கு மேல்தான் இரண்டாவது வேலை தொடங்குகிறது. அடுப்புக்கு மாலைப்பொழுதைக் கொடுப்பதா, அல்லது தொலைபேசியில் சொல்லி வரவழைக்கும் கடைச் சாப்பாட்டுக்குப் பணத்தைக் கொடுப்பதா என்னும் கேள்வி நாள்தோறும் எழுகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஓய்வு நாளில் ஒருமுறை சமைத்து, முறைப்படி உறைய வைத்து, வேண்டிய நாளில் சூடாக்கி உண்பதே அது. இதற்கு மிகவும் ஏற்றவற்றுள் ஒன்று, நம் குழந்தைகள் விரும்பி உண்ணும் மக்ரோனி, லஸான்யா முதலிய வாட்டிய பாஸ்தா உணவு. அதைச் செய்யும் முறையையும், செய்யக் கூடாத பிழைகளையும், அதனால் நம் இல்லங்களுக்கு உண்டாகும் நன்மையையும் ஈண்டு ஆராய்வோம்.

பழையது வேறு, உறைந்தது வேறு

"நேற்றுச் சமைத்ததை இன்று உண்பதா?" என்று நம் பெரியோர் முகம் சுளிப்பதுண்டு. பத்துப் பார்க்கும் இல்லங்களில் இத்தயக்கம் இன்னும் மிகுதி. அவர்களை நாம் குறை கூறுதல் தகாது. வெப்பம் மிகுந்த நாட்டில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், சமைத்த உணவை அன்றே உண்டு முடித்தல் உயிரைக் காக்கும் விதியாக இருந்தது. அவ்விதி வெறும் ஆசாரமன்று. அனுபவம் கற்பித்த அறிவு.

ஆயினும் அதே பெரியோர்தாம் வற்றலும் வடகமும் ஊறுகாயும் செய்து ஆண்டு முழுவதற்கும் சேர்த்துவைத்தனர். புளிக்காய்ச்சலைச் சாடியில் நிறைத்து, வேண்டிய நாளில் சோற்றில் பிசைந்து கட்டுச்சோறாக்கினர். உணவு கெடுவதற்கு நீர், சூடு, காலம் என்னும் மூன்றும் துணை செய்கின்றன. வெயிலில் உலர்த்துவோர் நீரை நீக்குகின்றனர். உப்பும் புளியும் இடுவோர் அந்நீரைக் கிருமிகளுக்குப் பயன்படாதபடி செய்கின்றனர். உறைய வைப்போர் சூட்டையும் நீக்கி, நீரையும் பனிக்கட்டியாக்கிப் பூட்டிவிடுகின்றனர். ஆகவே உறைய வைத்தல் வடகத்தின் இளைய தங்கையேயன்றிப் பழையதின் உறவன்று.

பனிக்கட்டியைத் தமிழகம் அறிந்ததும் நெடுங்காலத்துக்கு முன்பே. அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கு வந்தது; அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. உணவை விரைந்து உறைய வைக்கும் கலையைத் தொழிலாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்னும் அமெரிக்கர். அவர் லாப்ரடாரின் கடுங்குளிரில் வாழ்ந்தபோது, அங்குள்ள மக்கள் பிடித்த மீன் வெளிக்காற்றில் நொடியில் உறைவதையும், பல வாரங்கள் கழித்துச் சமைத்தாலும் புதிய மீன்போலச் சுவைப்பதையும் கண்டார். 1920களில் அதற்கான இயந்திரங்களை அமைத்தார். 1930இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவருடைய உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது.

அவர் கண்ட உண்மை எளியது. மெல்ல உறையும் உணவில் பனிப் படிகங்கள் பெரியனவாக வளர்ந்து, காய்கறியின் நுண்ணறைகளைக் குத்திக் கிழிக்கின்றன. உருகும்போது நீர் வடிந்து உணவு சக்கையாகிறது. விரைந்து உறைந்தால் படிகங்கள் சிறியனவாகவே நின்றுவிடுகின்றன. இல்லத்துப் பெட்டியில் இயந்திர வேகம் வாராது. எனினும் உணவைத் தடித்த உருண்டையாக வைக்காமல் இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி வைத்தால், அவ்வேகத்தில் ஒரு பங்கை நாமும் பெறலாம்.

சேவையின் உறவினர்

பாஸ்தா என்றவுடன் அயல்நாட்டுப் பண்டம் என்று ஒதுக்க வேண்டுவதில்லை. மாவைப் பிசைந்து அச்சில் பிழிந்து இழையாக்கும் கலை நமக்குப் புதியதன்று. அரிசி மாவில் நாம் சேவையும் இடியாப்பமும் பிழிகிறோம். இத்தாலியர் டியூரம் என்னும் கடினமான கோதுமையின் ரவையில் மக்ரோனி பிழிகின்றனர். அக்கோதுமை மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் நம் நாட்டிலும் விளைகிறது. மாவை அடுக்கி வாட்டுவதும் மலையாள நாட்டுக்குத் தெரிந்ததே. மலபார் முஸ்லிம் இல்லங்களில் செய்யப்படும் சட்டிப்பத்திரியில், மெல்லிய பத்திரிகளை முட்டைக் கலவையில் தோய்த்து, இடையிடையே இறைச்சிப் பூரணம் இட்டுச் சட்டியில் அடுக்குவர். பழைய முறையில் மூடியின்மேலும் கனல் இட்டு வேகவைப்பர். லஸான்யாவுக்கும் அதற்கும் உருவில் வேற்றுமை சிறிதே.

நம் நகரமும் இவ்வகையில் பெருமை கொள்ளலாம். ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், மரவள்ளி மாவைக் கொண்டு பாஸ்தா செய்யும் முறைகளை வகுத்தளித்துள்ளது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளியை மக்களிடையே பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டு அரிசி வரத்து நின்றபோது, இந்நாட்டுக் குடிகளின் பசியைத் தணித்தது அக்கிழங்கே. அந்நிலையத்தில் உருவான மரவள்ளி வகை ஒன்று மகாராஜாவின் நினைவாக ஸ்ரீ விசாகம் என்று பெயர் பெற்றது. சேலத்து ஜவ்வரிசியை அறிந்த நமக்கு மரவள்ளி அயலதன்று. மரவள்ளிப் பாஸ்தா கிடைத்தால் அதையும் கீழ்க்கண்ட முறையில் பயன்படுத்தலாம். வேகும் நேரத்தை மட்டும் பொட்டலத்தைப் பார்த்து அறிந்துகொள்க.

எது உறையும், எது உறையாது

எல்லா உணவும் உறைபனியைத் தாங்குவதில்லை. வெள்ளரி, பச்சைத் தக்காளித் துண்டு, கீரைப் பச்சடி முதலியன உருகும்போது நீர்விட்டுத் துவளும். வேகவைத்த முட்டையின் வெண்கரு ரப்பர்போல் ஆகும். உருளைக்கிழங்குத் துண்டுகள் மணல்போல் உதிரும். தயிர் சேர்த்த குழம்பு திரியும். பனீர் உதிரியாகும், ஆனால் துருவிய சீஸ் வாட்டும் உணவுக்குள் அடங்கியிருந்தால் அக்குறை தெரியாது.

வாட்டிய பாஸ்தாவோ உறைபனிக்கென்றே அமைந்ததுபோன்றது. அதிலுள்ள காய்கள் முன்பே வெந்தவை; ஆதலால் இழப்பதற்கு மொறுமொறுப்பு இல்லை. சாறு கெட்டியானது, ஆதலால் காற்றுப் புகாது. மீண்டும் சூட்டில் வாட்டுவதே அதன் கடைசிப் படி. ஆதலால் சூடாக்குவது தனி வேலையன்று.

மசாலைகளைப் பற்றி ஒரு சொல். மிளகு, கிராம்பு, பூண்டு ஆகியவை உறைநிலையில் நாட்பட இருந்தால் காரமும் கசப்பும் மிகும், உப்பு மழுங்கும். ஆகவே நம் கைப்பழக்கத்துக்குச் சற்றுக் குறைவாகவே இவற்றை இட்டு, உண்ணும் நாளில் சரிசெய்துகொள்ளல் நன்று.

செய்முறை

நால்வர் இருவேளை உண்பதற்கு, அதாவது எட்டுப் பங்குக்கு, வேண்டிய பொருள்கள் இவை: மக்ரோனி 500 கிராம், நன்கு பழுத்த தக்காளி ஒன்றரைக் கிலோ, வெங்காயம் 300 கிராம், பூண்டு ஆறு பல், காரட், பீன்ஸ், பட்டாணி ஆகியவை சேர்ந்து 500 கிராம், சமையல் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம், பால் ஒரு லிட்டர், துருவிய சீஸ் 200 கிராம், உப்பு, மிளகுத்தூள் வேண்டிய அளவு. ஊன் உண்போர் காய்களில் பாதியைக் குறைத்து, 300 கிராம் கொத்துக்கறியை நன்கு வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் தக்காளிச் சாறு. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் பொன்னிறமாக வதக்குக. பூண்டையும் பிறகு தக்காளியையும் இட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுக. புளிக்காய்ச்சலுக்கு எண்ணெய் பிரிவதைப் பார்ப்பதுபோல் இங்கும் ஓரத்தில் எண்ணெய் கசியும் பதம் பார்க்க வேண்டும். காய்களைத் தனியே அரைவேக்காட்டுக்குச் சற்று மேலாக வேகவைத்து இதில் சேர்க்க.

அடுத்தது வெள்ளைச் சாஸ். வெண்ணெயை உருக்கி மைதாவை இட்டு, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுக்க. பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுக; கஞ்சிப் பதம் வந்ததும் இறக்கிப் பாதிச் சீஸைக் கலக்க. மைதாச் சாஸ் உறைந்து உருகும்போது சிறிது நீர் பிரிவதுண்டு. மைதாவில் ஒரு பங்குக்குப் பதில் அரிசி மாவைச் சேர்த்தால் அக்குறை தணியும்.

மூன்றாவது மக்ரோனி. ஐந்து லிட்டர் நீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்பும் மக்ரோனியும் இடுக. பொட்டலத்தில் கண்ட நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுக. இம்முறையின் உயிர்நிலை இதுவே. வெந்து முடிந்த மக்ரோனி சாற்றில் ஊறி, உறைந்து, உருகி, மீண்டும் வாடும்போது களியாகிவிடும். நடுவே சற்று விறைப்பாக நிற்பது குறையன்று. மிச்ச வேக்காட்டை வாட்டும் நாளுக்கு நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று கொள்க. வடித்தவுடன் குளிர்ந்த குடிநீரை ஊற்றி வேக்காட்டை நிறுத்துக.

இரண்டு தட்டங்களை எடுத்து, அடியில் தக்காளிச் சாறு, அதன்மேல் மக்ரோனி, அதன்மேல் வெள்ளைச் சாஸ் என்று இருமுறை அடுக்கி, மேலே மிச்சச் சீஸைத் தூவுக. சாறு சற்று மிகையாகத் தோன்றுமாறு இருக்கட்டும். காத்திருக்கும் காலத்தில் மக்ரோனி அதை உறிஞ்சிக்கொள்ளும். லஸான்யாத் தகடு கிடைத்தால் மக்ரோனிக்குப் பதில் அதை அடுக்குக. ஒரு தட்டத்தை அன்றே வாட்டி உண்டு, மற்றதை வாட்டாமலே உறைய வைத்தல் சிறந்த ஏற்பாடு.

ஆறவைத்தல்

இப்பொழுது சொல்லப்போவதை வாசகர்கள் இருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம். சோறு, சேவை, மக்ரோனி முதலிய மாவுப் பண்டங்களில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் இருத்தல் இயல்பு. கொதிநீரிலும் அவ்வித்துகள் சாவதில்லை. சமைத்த உணவு இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால், அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. அந்நஞ்சை மீண்டும் சூடாக்குவதாலும் அழிக்க இயலாது. 2008இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஐந்து நாட்கள் சமையலறையில் வெளியே கிடந்த தக்காளிச் சாற்று ஸ்பகட்டியை நுண்ணலை அடுப்பில் சூடாக்கி உண்ட 20 வயது மாணவர், மறுநாள் விடிவதற்குள் உயிர் நீத்தார். "நன்றாகச் சூடாக்கிவிட்டால் ஒன்றும் ஆகாது" என்னும் நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதற்கு இத்துயரமே சான்று.

5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடே கிருமிகளுக்கு உகந்தது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும் என்பது பொது விதி. அறையின் வெப்பம் 32 பாகையைக் கடந்தால் ஒரு மணி நேரமே தவணை. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் திருவனந்தபுரத்துப் பகல் அவ்வெல்லையைத் தொட்டுவிடும் என்பதை நாம் அறிவோம். ஆகவே காலையில் சமைத்து, மாலையில் உறக்கம் தெளிந்து, பிறகு எடுத்துவைக்கலாம் என்று எண்ணுதல் கூடாது.

விரைந்து ஆறச் செய்ய எளிய உபாயம் உண்டு. அகன்ற தாம்பாளத்தில் குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் இட்டு, அதில் சாற்றுப் பாத்திரத்தை வைத்து, சுத்தமான கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் இருபது நிமிடத்தில் சூடு தணியும். மூன்று பகுதிகளையும் தனித்தனியே ஆறவிட்டு அடுக்குதல் நன்று. கொதிக்கும் தட்டத்தை நேரே உறைநிலை அறையில் வைத்தால், அது தானும் மெல்ல உறையும். அண்டையில் இருக்கும் உணவையும் உருக்கிவிடும். சூடு தணிந்ததும் முதலில் கீழறையில் வைத்து, நன்கு குளிர்ந்தபின் மேலறைக்கு மாற்றுக.

பெட்டியும் சீட்டும்

உணவை உறைய வைத்துக் காக்கத் தகுந்த குளிர் சுழிக்குக் கீழே 18 பாகை செல்சியஸ். நம் வீட்டுப் பெட்டி அதற்கு வல்லதா என்பதை உறைநிலை அறைக் கதவில் பொறித்த விண்மீன் குறியால் அறியலாம். ஒரு மீன் சுழிக்குக் கீழ் 6 பாகையையும், இரண்டு மீன் 12 பாகையையும், மூன்று மீன் 18 பாகையையும் குறிக்கும். ஒரு மீன் அறையில் ஒரு வாரமும், இரண்டு மீன் அறையில் ஒரு மாதமும், மூன்று மீன் அறையில் மூன்று மாதமும் உறைந்த உணவை வைக்கலாம். மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் அரசுச் சீட்டிலுள்ள மீன்கள் வேறு. அவை மின்கட்டணத்தைப் பற்றியவையேயன்றிக் குளிரைப் பற்றியவை அல்ல. இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர்.

நீர் உறையும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விரிகிறது. ஆதலால் பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு விரற்கடை இடம் விடுக. தக்காளியின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். அலுமினியத் தாளையோ தட்டையோ பயன்படுத்துவோர் உணவின்மேல் முதலில் எண்ணெய்த்தாளை விரித்து அதன்மேல் மூடுக. கண்ணாடித் தட்டத்தை உறைநிலையிலிருந்து எடுத்தவுடன் சூடான ஓவனில் வைத்தால் வெடித்துச் சிதறும். காற்றுப் பட்ட இடம் வறண்டு வெளுத்துப்போகும். ஆகவே உறையைக் காற்றின்றி ஒட்ட மூடுதல் வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியின்மேலும் உணவின் பெயர், செய்த நாள், எத்தனை பேருக்கு என்னும் மூன்றையும் எழுதி ஒட்டுக. உறைந்தபின் எல்லாம் ஒரே வெண்கட்டியாகத் தோன்றும். நினைவை நம்புதல் பயனில்லை. முன் வைத்தது முன் செலவாகட்டும். சரியான குளிரில் வைத்த பாஸ்தா இரண்டு மூன்று மாதம் சுவை குன்றாது. அதன் பின் நஞ்சாவதில்லை எனினும், வறண்டு மணம் கெடும்.

உண்ணும் நாள்

வியாழனன்று உண்பதாயின் புதன் இரவே உறைநிலை அறையிலிருந்து எடுத்துக் கீழறையில் வைத்துவிடுக. மேசைமேல் வைத்து உருக்குதல் கூடாது. வெளிப்புறம் இளகிக் கிருமி வளரும்போது உள்ளே இன்னும் கல்லாக இருக்கும். மறுநாள் மாலை, ஓவனை 180 பாகைக்குச் சூடாக்கி, தட்டத்தை மூடி 40 நிமிடமும், மூடியை நீக்கிப் பத்து நிமிடமும் வாட்டினால் மேற்புறம் பொன்னிறம் பெறும். நடுப்பகுதியும் 75 பாகைச் சூட்டை எட்ட வேண்டும். கத்தியை நடுவில் செருகி எடுத்துத் தொட்டால் சுரீரென்று சுட வேண்டும்.

ஓவன் இல்லையே என்று வருந்த வேண்டா. நம் அன்னையர் கேக் செய்த மணல் முறை இங்கும் உதவும். கனத்த அடியுள்ள பாத்திரத்தில் இரண்டு விரற்கடை மணல் பரப்பிப் பத்து நிமிடம் காயவிட்டு, பிரிமணைமேல் உலோகத் தட்டத்தை வைத்து மூடிச் சிறு தீயில் முக்கால் மணி வாட்டுக. குக்கரைப் பயன்படுத்துவோர் அதன் எடையையும் ரப்பர் வளையத்தையும் நீக்கிவிடுதல் இன்றியமையாதது. மேற்புறம் சிவவாது, சுவையில் குறைவிராது. நுண்ணலை அடுப்பில் சூடாக்குவோர் நடுவே ஒருமுறை கிளறிச் சூட்டைச் சமப்படுத்துக.

ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் உறைய வைத்தல் ஆகாது. இதனாலேயே பெரிய தட்டத்தைவிட ஒருவேளை அளவான சிறு பெட்டிகள் மேலானவை.

மின்சாரம் நின்றால்

நம் நகரில் இடவப்பாதி மழையோ துலா மழையோ வந்தால் மின்சாரமும் சற்று ஓய்வு கொள்ளும். அப்பொழுது செய்யத்தக்கது ஒன்றே: கதவைத் திறவாதிருத்தல். நிறைந்த உறைபெட்டி, கதவு மூடியிருந்தால், 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். கீழறை நான்கு மணி நேரமே தாங்கும்.

ஊருக்குப் போய்த் திரும்புவோர்க்கு ஒரு சிறு தந்திரம். ஒரு கிண்ணத்து நீரை உறையவைத்து, அப்பனிக்கட்டியின்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்க. திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நலம்; கிண்ணத்தின் அடியில் கிடந்தால், நாம் இல்லாதபோது எல்லாம் உருகி மீண்டும் உறைந்தது என்று பொருள். அவ்வுணவைச் சிறிதும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய காலத்தில் கைகொடுப்பவை அரிசியும் பருப்பும் வடகமும் ஊறுகாயுமே. உறைபெட்டி வந்துவிட்டது என்று அஞ்சறைப் பெட்டியையும் ஊறுகாய்ச் சாடியையும் பரணில் ஏற்றிவிடுதல் அறிவுடைமை ஆகாது.

எவருடைய உழைப்பு?

இறுதியாக, முறையைவிட முதன்மையான ஒன்றைக் கூற விரும்புகிறோம். வாரநாளின் சுமை குறையவேண்டும் என்று ஞாயிறு முழுவதையும் அடுப்படியில் கழிக்குமாறு தாயை விட்டுவிட்டால், சுமை இடம் மாறியதேயன்றிக் குறைந்ததாகாது. ஆறு நாள் உழைத்தவளுக்கு ஏழாம் நாளும் இல்லாமற்போகும். மேற்கூறிய வேலையில் நான்கு கைகளுக்கும் இடம் உண்டு. தக்காளி நறுக்குவதும் சாறு கிளறுவதும் கணவர் செய்யத் தகாதவை அல்ல. சீஸ் துருவுதலும் அடுக்குதலும் குழந்தைகளுக்கு விளையாட்டு. பெட்டிகளில் பெயரும் நாளும் எழுதும் பணியை அவர்களிடம் விட்டால், தமிழ் எழுத்துப் பயிற்சியும் உடன் கிட்டும். மலையாளமும் ஆங்கிலமும் மட்டுமே பள்ளியில் எழுதும் நம் பிள்ளைகளுக்கு அது சிறு நன்மையன்று.

நம்மிடையே வேறு ஒரு சாராரும் உண்டு. பிள்ளைகள் வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ சென்றுவிட, கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் பெரிய வீட்டில் தனித்து வாழும் முதியோரே அவர். தனி ஒருவருக்காக அடுப்பை மூட்டச் சலிப்புற்று, மோரும் ரஸ்க்குமாக இரவைக் கழிப்போரை நாம் அறிவோம். மக்கள் விடுமுறையில் வரும்போது ஆடையும் மருந்தும் வாங்கிவைப்பதோடு நில்லாமல், ஒரு நாள் உடனிருந்து, அவர் உண்ணும் அளவில், அவர் பல்லுக்கேற்ற மென்மையில், காரம் குறைத்துப் பத்துச் சிறு பெட்டிகள் செய்துவைக்கட்டும். எழுத்தைப் பெரிதாக எழுதி ஒட்டட்டும். மக்ரோனி பிடியாதவர்க்கு இடியாப்பமும் காய்கறிக் கூட்டும் அவ்வண்ணமே வைக்கலாம். கேரளத்திலிருந்து உறைந்த இடியாப்பம் கடல் கடந்து விற்பனைக்குச் செல்லும்போது, அது நம் தாயாரின் வீட்டுப் பெட்டியில் இருத்தலாகாதா?

சாலைக் கடைத்தெருவில் இவ்வாரம் தக்காளி மலிவாக இருந்தால் மூன்று கிலோவாக வாங்குக. ஞாயிறன்று குடும்பத்தினர் அனைவரும் அடுக்களையில் கூடுக. ஒரு தட்டம் அன்றைக்கு, மற்றொன்று வியாழனுக்கு. அவ்வியாழன் மாலையில் அடுப்படியில் கழியவேண்டிய ஒன்றரை மணி நேரம் வீட்டில் எஞ்சும். அதைக் குழந்தைக்குப் பாடம் சொல்லுதற்கோ, ஊரிலுள்ள தாய் தந்தையருடன் தொலைபேசியில் பேசுதற்கோ, அல்லது ஒன்றும் செய்யாமல் திண்ணையில் காற்று வாங்குதற்கோ அவ்வில்லத்தரசியே தீர்மானித்துக்கொள்ளட்டும்.